பேராச்சி தண்ணி அடிப்பாள்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் பேராச்சியைப் பார்த்திராதவர்கள் இருக்கலாம், அவள் குரலைக் கேட்டிராதவர்கள் இருக்க முடியாது. குழாயடியில் அவள் "ஏட்டி!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அடுத்த சந்தில் குடத்தை நகர்த்துவார்கள். பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் அந்தத் தாராவிதான். அவள் அப்பன் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து தோல் ஷெட் வேலைக்கு வந்தவர். ஊர்ப் பேச்சை மட்டும் மகளுக்குக் கொடுத்தார், ஊரைக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பேச்சில் பாதி திருநெல்வேலி, பாதி பம்பாய் ஹிந்தி. இந்தக் கலப்படம்தான் ஒரு நாள் மாதுங்காவில் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அவள் செய்த வேலைக்கு எண்பதுகளில் இங்கே ஒழுங்கான பெயர் கிடையாது. பழைய கட்டடங்களில் பாய்லரையும் நீராவிக் குழாய்களையும் சுற்றி வெள்ளையாக ஒன்றைத் தடிமனாக அப்பியிருப்பார்கள். சூடு வெளியே போகாமல் இருப்பதற்காக. ஆஸ்பெஸ்டாஸ் என்று படித்தவர்கள் சொல்வார்கள். மில்லில் அதற்குப் பெயர் 'பாய்லர் பஞ்சு'. பஞ்சு என்று கூப்பிட்ட புண்ணியவான் யாரோ, அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும். பஞ்சு என்றால் யார் பயப்படுவார்கள்? அது நாள்பட்டுக் காய்ந்து உதிரும்போது, கண்ணுக்குத் தெரியாத நார் நாராக மூச்சில் ஏறி நெஞ்சில் தங்கிவிடும். பிறகு வெளியே வராது. அந்தப் பஞ்சை யாருக்கும் கேடு இல்லாமல் பெயர்த்து, மூட்டை கட்டி அப்புறப்படுத்துவதுதான் பேராச்சியின் வேலை.

இந்த வேலைக்கு அவள் வந்த வழி அவள் புருஷன் நெல்லையப்பன் வழியாக. பரேலில் ஒரு மில்லில் பாய்லர் காத்தாவில் அவருக்கு வேலை. காத்தா என்றால் மில் பாஷையில் டிபார்ட்மெண்ட். பழைய பஞ்சைச் சுத்தியலால் தட்டி எடுப்பதும், புதுசைக் கையால் குழைத்து அப்புவதும் அவர் பாடு. சாயங்காலம் மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி தலை முதல் கால் வரை வெளுத்து வந்து நிற்பார். பேராச்சி அவர் சட்டையை வாங்கி வாசலில் நின்று பட்பட்டென்று உதறுவாள். வெள்ளைத் துகள் வெயிலில் மின்னிக்கொண்டு பறக்கும். பிள்ளைகள் இரண்டும் அதைப் பிடிக்கக் குதிக்கும். அவளும் சிரித்துக்கொண்டு இன்னும் இரண்டு உதறு சேர்த்து உதறுவாள். இன்றைக்கு அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

எண்பத்திரண்டில் ஸ்டிரைக் வந்தது. மில் மூடியது மூடியதுதான். அதற்குள் நெல்லையப்பனுக்கு மூச்சு குறைய ஆரம்பித்திருந்தது. முனிசிபல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பாய்லர் தூசி நெஞ்சில் வடுவாகிவிட்டது, இதற்கு மருந்து இல்லை, இனிமேல் தூசிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். பேராச்சி ஒரு பகல் முழுக்க அழுதாள். மறுநாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூலி ஆட்கள் நிற்கும் நாக்காவில் போய் நின்றாள். வாட்டசாட்டமான ஆள், வேலைக்கா பஞ்சம்?

செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் பழைய பாய்லரைப் பிரிக்கிற வேலை. அங்கே இருந்த சேஃப்டி ஆபீசர் கூலிக்காரர்களை நிற்க வைத்து, "பஹலே பானி மாரோ, ஃபிர் ஹாத் லகாவ்" என்றார். முதலில் தண்ணீரை அடி, பிறகு கை வை. மூக்குக்கு மாட்ட ரப்பர் முகமூடியும் கொடுத்தார். மற்றவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காய்ந்ததைத் தட்டினால் பொலபொலவென்று ஒரு மணி நேரத்தில் உதிர்ந்துவிடுமே, எதற்கு நனைத்துச் சகதியாக்கிக்கொண்டு நாள் கணக்கில் மாரடிக்க வேண்டும்? பேராச்சிக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீர் தெளிக்காமல் எவள் வாசல் பெருக்குவாள்? தெளிக்காமல் பெருக்கினால் தூசி வீட்டுக்குள்ளேதானே வரும்? இந்தச் சின்ன விஷயத்தைத் தன் புருஷன் வேலை பார்த்த இடத்தில் சொல்ல ஒருவன் இல்லாமல் போய்விட்டானே என்று அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு இரண்டு ஆள் வேலையை ஒருத்தியே பார்த்தாள்.

அதிலிருந்து அவள் தனியாக ஆள் சேர்த்தாள். அவளோடு சேர்த்து ஆறு பெண்கள். வலது கை மாதிரி சுலைகா. மேலப்பாளையத்துக் குடும்பம், சினிமாப் பைத்தியம், ஏணியில் ஏறினால் இறங்க மனசு வராதவள். அந்த ஆபீசர் சொன்ன 'பானி மாரோ' பேராச்சி வாயில் விழுந்து 'தண்ணி அடி' என்று ஆயிற்று. "ஏட்டி, தண்ணி அடிச்சாச்சா? அடிக்காம எவளும் ஏணில காலு வைக்கப்பிடாது!" தாராவியில் குடிப்பதற்கு 'தாரு' என்று ஒரு வார்த்தை தனியாகவே இருந்தது. குடிகாரனைத் தாருக்காரன் என்பார்கள். ஆகவே தண்ணி அடிப்பதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

எண்பத்தாறு ஏப்ரலில் மாதுங்காவிலிருந்து ஆள் வந்தது. அங்கே தமிழர்கள் நடத்தி வந்த ஒரு சங்கத்தின் பழைய கட்டடம். ஒரு காலத்தில் கல்யாணச் சமையலுக்கென்று பின்கட்டில் பாய்லர் வைத்திருந்தார்கள். பாய்லர் நின்று பல வருஷம் ஆகியும் குழாய் மட்டும் மேலே ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே இப்போது பாலர் வகுப்பு. அந்த வகுப்பில் படித்த ஒரு பையனின் அம்மா நாகலக்ஷ்மி. செம்பூர்த் தொழிற்சாலையின் லேபில் வேலை பார்ப்பவள். மகன் தலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று எடுத்தவள், விரலில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனாள். மறுநாள் குழாயிலிருந்து ஒரு துணுக்கை ஈரத்துணியில் மடித்து எடுத்துப்போய்த் தீயில் காட்டினாள், எரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தாள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரிந்துகொண்டே போகும் நார்கள். நேராகச் சங்கத்துக் காரியதரிசி வானமாமலையிடம் வந்து, "இது கல்நார், மாமா. ஆஸ்பெஸ்டாஸ். லீவு விட்டதும் எடுத்தாகணும். ஆனா கண்டவா கையில குடுக்கக் கூடாது. எங்க ஃபாக்டரியில செஞ்ச ஒரு அம்மா இருக்கா, பேராச்சின்னு பேரு" என்றாள்.

வானமாமலை ரயில்வேயில் ரிடையர் ஆனவர். காபியைத் தவிர வேறு போதை அறியாத மனிதர். நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பேராச்சிக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். அதுவரை அவள் யாராவது ஒரு கான்ட்ராக்டரின் ஆள்தான். வேலை அவளுடையது, பேர் அவனுடையது. கான்ட்ராக்டருக்கு அவசரம் வந்தால் "பானியெல்லாம் போதும், தட்டிப் போடு" என்பான். சண்டை போட வேண்டியிருக்கும், சில இடத்தில் சண்டையில் தோற்கவும் வேண்டியிருந்தது. தோற்ற நாட்களில் ஆறு பெண்களும் அந்தத் தூசியில் நின்றார்கள். மாதுங்கா வேலை அவள் பேரில் வந்தால், பிறகு எந்தக் கட்டடத்திலும் அவள் சொன்னபடிதான் நடக்கும்.

பேச வரச்சொன்ன நாளில் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு சுலைகாவோடு கிளம்பினாள். நெல்லையப்பனும் வந்தார். பாய்லர் என்றதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் மாடிப்படியைப் பார்த்ததும், "நீங்க போங்க, நான் கீழ இருக்கேன்" என்று பாலர் வகுப்பு வாசல் திண்டில் உட்கார்ந்துகொண்டார். படி ஏறுவதை அவர் விட்டு வெகு நாளாயிற்று.

மேலே கமிட்டிக்காரர்கள் மூன்று பேர்: வானமாமலை, சங்கத்துப் பொக்கிஷதார், இன்னொரு பெரியவர். கூட இருந்து எடுத்துச் சொல்ல வேண்டிய நாகலக்ஷ்மியைக் காணோம். ஹார்பர் லைனில் ரயில் எங்கோ நின்றுவிட்டதாம்.

"வாம்மா, உட்காரு. நாகலக்ஷ்மி உன்னைப் பத்தி ரொம்ப ஒசத்தியாச் சொன்னா" என்றார் வானமாமலை. "எப்படிச் செய்யப் போறேன்னு சொல்லு, கேட்டுக்கறோம்."

பேராச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்காகத்தானே வந்தது! "மொதல்ல தண்ணி அடிப்போம் சார்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு?" என்றார் வானமாமலை.

"எல்லாருந்தான். நானு, இந்தா இருக்காளே சுலைகா, இன்னும் நாலு பொம்பளைக."

"பொம்மனாட்டிகளா!"

"பொம்பளைகதான் சார் பொறுமையா அடிப்போம். ஆம்பளைக அவசரக்காரனுவ. பேருக்கு ரெண்டு செம்பு விட்டுட்டு வேலயப் பாக்கப் போயிருவானுவ."

பொக்கிஷதார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எப்போ? வேலையெல்லாம் முடிஞ்சப்பறமா?"

"முடிஞ்ச பொறவு அடிச்சு என்ன பிரயோசனம்? காலைல வந்ததும் ஆரம்பிச்சிருவோம். நல்லா ஊறணும்லா? மத்தியானம் ஒருக்க. மூட்ட கட்டுறதுக்கு முன்னால ஒருக்க. நடுவுல கொஞ்சம் காஞ்சாப்புல தெரிஞ்சா அப்பமும் அடிப்போம்."

சுலைகா ஏதோ உறைத்து அவள் முழங்கையைக் கிள்ளினாள். பேராச்சி கையைத் தட்டிவிட்டாள். பேச்சு நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது என்ன கிள்ளு?

"வெறுந் தண்ணி உள்ள எறங்காது சார்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தொழில் ரகசியம் அல்லவா! "கொஞ்சம் சோப்புத்தூளக் கலந்துக்கிடுவோம்."

"சிவ சிவா!" என்றார் பொக்கிஷதார். கள்ளச் சாராயத்தில் என்னென்னவோ கலக்கிறார்கள் என்று அவர் பேப்பரில் படித்திருந்தார். சோப்புத்தூள் அவருக்குப் புதுசு.

வானமாமலை தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொழந்தைகள் படிக்கற எடம்மா இது."

"அதுக்காவத்தான் சார்" என்றாள் பேராச்சி, மனசு நெகிழ்ந்து. "இங்க மத்த எடத்தவிட ஒரு மடங்கு கூடவே அடிப்போம்."

அதற்கு மேல் அவர்களால் தாங்க முடியவில்லை. யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். காபி வரவில்லை. கதவு மூடும்போது பொக்கிஷதாரின் குரல் தெளிவாகவே கேட்டது: "அந்தத் தாணேக் கான்ட்ராக்டரையே வரச் சொல்லிடுங்கோ. ரெண்டே நாள்ல சுத்தியால தட்டி எடுத்துடறேன்னான். இந்தக் கூத்தே வேண்டாம்."

கடைசிப் படியில் சுலைகா உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "யக்கா, மெட்ராஸ் பாசையில தண்ணி அடிக்கிறதுன்னா தாரு குடிக்கிறது யக்கா! படத்துலயெல்லாம் அப்பிடித்தான் சொல்லுதாங்க. அதான் அம்புட்டுக் கிள்ளு கிள்ளினேன்."

பேராச்சி திரும்பி மாடியைப் பார்த்தாள். தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. காலையில் ஆரம்பிப்போம். நல்லா ஊறணும். சோப்புத்தூள். முகமெல்லாம் சிவந்து, "அட சண்டாளப் பாவிகளா, என்னையத் தாருக்காரின்னா நெனச்சானுவ?" என்று கத்தினாள். ஏறிப்போய் விளக்கிச் சொல்லலாம்தான். ஆனால் ரோஷம் விடவில்லை. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் குடிகாரப் பட்டம் கட்டியவர்கள் முன்னால் போய் நிற்பதா? "வாங்க போவோம். இவனுவ வேலயும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தத் தாணேக்காரனே வந்து சுத்தியால தட்டட்டும்."

நெல்லையப்பன் எழுந்திருக்கவில்லை. பாலர் வகுப்பு வாசலில் சின்னச் சின்னச் செருப்புகளாகக் கிடந்தன. உள்ளே பிள்ளைகள் கும்பலாக ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே போன குழாயையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரிக் குழாய் எத்தனையைத் தட்டியிருப்பார்.

"தாணேக்காரன் காஞ்சதயா தட்டப் போறான்?" என்று கேட்டார்.

"எவன் எதத் தட்டினா நமக்கென்ன?"

அவர் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏற ஆரம்பித்தார். பேராச்சி பதறிப்போனாள். "ஏங்க, ஒங்களுக்குக் கிறுக்கா? எறங்குங்க, நானே போறேன்" என்று பின்னாலேயே ஓடினாள். அவர் நிற்கவில்லை. சில படி ஏறுவார், சுவரில் சாய்வார், மறுபடி ஏறுவார். அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு கூடவே ஏறினாள். அவருடைய மூச்சு அந்தப் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. மேலே கமிட்டி அறைக்கும் அதுதான் முதலில் போயிருக்க வேண்டும். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு வானமாமலை வெளியே வந்து நின்றார்.

நெல்லையப்பனால் உடனே பேச முடியவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அந்த மூன்று பெரியவர்களும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவ தண்ணி அடிப்பா சார்" என்றார் கடைசியில். "நெசந்தான். பைப்பு வச்சு... அந்தப் பஞ்சு மேல அடிப்பா. தூசி பறக்காம இருக்க." மறுபடி மூச்சு வாங்கினார். "நான் வேல பாத்த எடத்துல... எனக்கு யாரும் அடிக்கல சார்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்ல மூச்சும் இல்லை, தேவையும் இல்லை. பேராச்சி புருஷனுக்காக டாக்டர் சொன்ன அன்றைக்கு அழுதது ஒரு அழுகை. இது வேறு. அத்தனை பேர் முன்னால், முந்தானையை வாயில் வைத்து அடக்கக்கூடத் தோன்றாமல் அழுதாள்.

வானமாமலை தன் நாற்காலியை இழுத்து வந்து போட்டு நெல்லையப்பனை உட்கார வைத்தார். கூஜாவிலிருந்து தானே தம்ளரில் தண்ணீர் சாய்த்துக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். பிறகு பேராச்சி பக்கம் திரும்பி, "நான் ஒரு மடையன்மா" என்றார். "சோப்புத்தூளையும் கேட்டு நம்பினேனே!"

அழுகைக்கு நடுவில் பேராச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து நாகலக்ஷ்மி மூச்சிரைக்க உள்ளே நுழைந்து, "ஸாரி மாமா, ட்ரெயின் நின்னுடுத்து. எல்லாம் பேசி முடிச்சாச்சா?" என்றாள். பொக்கிஷதார் யாரையும் பார்க்காமல் காபிக்குச் சொல்லப் போனார்.

மே மாதம் வகுப்புக்கு லீவு விட்டதும் வேலை ஆரம்பமாயிற்று. பேராச்சி செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். கதவு ஜன்னல் இடுக்கையெல்லாம் பிளாஸ்டிக் தாள் வைத்து அடைத்தாள். முகமூடி மாட்டாமல் ஒருத்தியையும் உள்ளே விடவில்லை. மாடித் தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் இறக்கி, சோப்புத்தண்ணீரைச் சீறிப் பாய்ச்சாமல் மழைத் தூறல் மாதிரி விழவிட்டாள். பஞ்சு ஊறி ஊறிக் கனத்து, குழைந்த பிறகுதான் சுலைகா ஏணியில் ஏறிக் கத்தியால் பத்தை பத்தையாக அறுத்துக் கொடுத்தாள். அறுத்தது ஈரத்தோடேயே தடித்த பைக்குள் போயிற்று, அந்தப் பை இன்னொரு பைக்குள் போயிற்று. தரையில் துடைப்பம் படவே இல்லை, எல்லாம் ஈரத்துணிதான். மூட்டைகளைச் செம்பூர்த் தொழிற்சாலைக் குழிக்கே கொண்டுபோய்ப் புதைக்க நாகலக்ஷ்மி ஏற்பாடு செய்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அவள் ஜன்னல் விளிம்பிலும் தரையிலும் ஒற்றி எடுத்துப் போனாள். திரும்பி வந்து, "ஒரு நார்கூட இல்லை, பேராச்சியம்மா" என்றாள். பேராச்சி அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் தினமும் காலையில் வானமாமலை குளித்து நாமம் தரித்துக்கொண்டு வந்து வெளிவாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "பேராச்சி, தண்ணி அடிச்சாச்சா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து, "அடிச்சாச்சு சார்!" என்று அவள் குரல் வரும். பூ வாங்க வந்த மாமிகள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். யாராவது விசாரித்தால் போதும், மனிதர் முதலிலிருந்து கதையை ஆரம்பித்துவிடுவார். அந்தக் கதை பரவித்தான் தாதரில் ஒரு பழைய ஹோட்டலிலிருந்தும், வாஷியில் ஒரு கம்பெனியிலிருந்தும், அந்தத் தண்ணி அடிக்கிற அம்மா எங்கே என்று தாராவிக்கு ஆள் தேடி வந்தது. அவள் பேரில் வந்த வேலைகள். "சீக்கிரம் தட்டிப் போடு" என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் கிடையாது.

மாதுங்கா வேலை முடிந்த சாயங்காலம் பேராச்சி வீட்டுக்கு வந்தாள். வேலைச் சேலையை அங்கேயே அலசிப் பையில் கட்டிவிட்டு மாற்றுச் சேலையில்தான் வருவாள். இருந்தாலும் வாசல் தாண்டி உள்ளே வர மாட்டாள். வாசலை ஒட்டிக் குளிக்கப் போட்ட மோரியில் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீடு. அது அவள் போட்ட சட்டம். முன்பு நெல்லையப்பனின் சட்டையை வாங்கி உதறின அதே இடம்தான் அந்த மோரி.

நெல்லையப்பன் வாளியை நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைக்கு அவள் கையில் செம்பைக் கொடுக்கவில்லை. "உக்காரு, நான் ஊத்துதேன்" என்றார்.

"சும்மா இருங்க, ஒங்களுக்கு மூச்சு வாங்கும்."

"உக்காருட்டி."

அவள் கல்லில் உட்கார்ந்தாள். அவர் ஒரு செம்பு மொண்டு தலையில் ஊற்றினார். இன்னொன்று ஊற்றினார். மூன்றாவது செம்புக்குக் குனிந்தவர் நிமிர முடியாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மூச்சுச் சத்தம் அவள் தலைக்கு மேலே கேட்டது. பேராச்சி திரும்பிப் பார்க்கவில்லை, செம்பைப் பிடுங்கவும் இல்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவசரமில்ல" என்றாள். "மெதுவா ஊத்துங்க. நான் இருக்கேன்."